மகள் எழுதப் போகிறேன் என்கிறாள்: வாசகர்கள் நிலைப்பார்களா, வருமானம் வருமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள் வேலைக்கு விண்ணப்பிக்காமல் எழுத்தே போதும் என்கிறாள், இது சோறு போடுமா என்பது ஒன்று. அவள் இணையத்தில் எழுதியதை ஒரு மாதம் கூட்டம் கூட்டமாகப் படித்தவர்கள் அடுத்த மாதம் காணாமல் போனார்கள், அதற்காக அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலில் பேசுவோம். அது தெளிந்தால் முதல் கவலை பாதி தீர்ந்துவிடும்.

நீங்கள் அனுப்பிய கட்டுரைகளைப் படித்தேன். நகைக்கடன், சீட்டு, அஞ்சலகச் சேமிப்பு என்று நம் வீடுகளில் தினமும் பேசப்படும் பண விஷயங்களை எடுத்திருக்கிறாள். நல்ல தேர்வு. கூட்டம் வந்தது ஒரே ஒரு கட்டுரைக்குத்தான். 2.5 லட்சம் ரூபாய் வரையிலான நகைக்கடனுக்கு நகையின் மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் விதியை மாற்றியதே, அதைப் பற்றிய கட்டுரை. அன்றைக்கு அந்த விவரம் தேவைப்பட்டவர்கள் தேடி வந்தார்கள், தெரிந்துகொண்டார்கள், போய்விட்டார்கள். இதில் அவள் அழுவதற்கு ஒன்றுமில்லை. செய்திக்காக வருகிறவர் செய்தி கிடைத்ததும் போகத்தான் செய்வார். அவர் திரும்பி வர ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைத்தான் அவள் இன்னும் கொடுக்கவில்லை.

ஒரு கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். 'செல்வமகள் சேமிப்புத் திட்டம்: முழு விவரம்' என்று தலைப்பு வைத்திருக்கிறாள். குறைந்தது 250 ரூபாய், ஆண்டுக்கு அதிகபட்சம் 1.5 லட்சம், 15 ஆண்டு கட்ட வேண்டும், 21 ஆண்டில் முதிர்வு. எல்லாம் சரிதான். ஆனால் இதே விவரம் அஞ்சலகத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸிலும் இருக்கிறது. இதை யார் எழுதினார்கள் என்று எவரும் பார்க்கப் போவதில்லை. அதே விஷயத்தை, 'மகளுக்கு ஒன்பதரை வயது: இப்போது கணக்கு தொடங்கலாமா?' என்று எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து வயது முடிவதற்குள் தொடங்கிவிட வேண்டும் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடலாம். அப்புறம், மாதம் ஆயிரம் ரூபாய்தான் முடியும் என்கிற குடும்பத்துக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டலாம். பணத்தை மாதத்தின் 5-ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாத வட்டி அதற்குச் சேரும். பல பேர் சம்பளம் வந்து பத்து நாள் கழித்துக் கட்டி, அந்த வட்டியை விட்டுவிடுகிறார்கள். இந்த ஒரு வரியால் பயனடைந்த அம்மா ஒருவர், அடுத்த முறை வேறு சந்தேகம் வந்தால் உங்கள் மகள் என்ன எழுதியிருக்கிறாள் என்றுதான் முதலில் பார்ப்பார்.

இன்னொன்று, நாள். உங்கள் மகள் தோன்றும்போது எழுதுகிறாள். ஒரு வாரத்தில் நான்கு, அப்புறம் ஒரு மாதம் ஒன்றுமே இல்லை. தினத்தந்தியில் கன்னித்தீவு படக்கதை 1960-லிருந்து வருகிறது. பேப்பரைப் பிரித்ததும் கண் தானாக அங்கே போகிற வாசகர்கள் உண்டு. அந்தப் பழக்கம் உருவாகக் காரணம், அது தினமும் அங்கே இருந்ததுதான். உங்கள் மகளால் தினமும் முடியாது, வேண்டியதும் இல்லை. ஞாயிறு காலை ஒன்று என்று வைத்துக்கொண்டால் போதும், ஆனால் அது தவறக் கூடாது. பரீட்சை சமயத்துக்கென்று இரண்டு மூன்று கட்டுரைகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

அவள் எடுத்த விஷயத்திலேயே ஒரு நாட்காட்டி இருக்கிறது. சிறுசேமிப்புத் திட்டங்களின் வட்டியை மத்திய அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகளில் புதிய காலாண்டு தொடங்கும். வட்டி மாறினாலும் மாறாவிட்டாலும் அந்த வாரம் அவள் எழுதியே ஆக வேண்டும். பழைய கட்டுரையில் இருக்கும் எண்ணையும் அன்றே திருத்த வேண்டும். பண விஷயத்தில் ஒரு பழைய எண்ணை நம்பி ஒருவர் ஏமாந்தால், அவர் திரும்பி வரமாட்டார்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது, வாசகர் கேட்கும் கேள்வி. குமுதம் கையில் கிடைத்ததும் 'அரசு பதில்கள்' என்ற கேள்வி-பதில் பகுதியைத்தான் முதலில் புரட்டியவர்கள் நம் வீடுகளிலேயே இருப்பார்கள். தமிழ் வாசகருக்குக் கேள்வி-பதில் பகுதி என்றால் தனிப் பிரியம். தன்னைப் போன்ற ஒருவர் கேட்க, அதற்கு ஒருவர் மதித்துப் பதில் சொல்கிறார் என்பதுதான் அதன் பலம். உங்கள் மகளிடம் ஒரு பெண் கேட்டிருக்கிறார்: 'ஏல நோட்டீஸ் வந்திருக்கு, வட்டி மட்டும் கட்டினால் நகை தப்புமா?' உங்கள் மகள் தந்த பதில், 'வங்கியை அணுகவும்.' அந்தப் பெண்ணின் நிலையில் நின்று யோசித்தால் இப்படி எழுத மனம் வராது. நோட்டீஸில் ஏலத் தேதி எங்கே இருக்கிறது பாருங்கள், அதற்கு முன்பே கிளைக்கு நேரில் போங்கள், ஏலத்தை நிறுத்தக் குறைந்தது எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், கட்டியதற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள், ஒருவேளை ஏலம் போய்விட்டாலும் கடன் போக மிச்சப் பணம் உங்களுக்குத்தான் சேர வேண்டும். இவ்வளவையும் ஐந்து வரியில் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் அதைத் தன் அக்காவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அனுப்பியிருப்பார். வாரம் ஒரு கேள்விக்காவது இப்படிப் பதில் எழுதச் சொல்லுங்கள், கேட்டவர் பெயரைப் போடாமல்.

நிலையான வாசகர்கள் சேர்ந்ததும் விளம்பரக்காரர்கள் வருவார்கள். இங்கேதான் நீங்கள் கூட நிற்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு எழுதினால் அது விளம்பரம் என்று தெளிவாகப் போட வேண்டும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலே இதைச் சொல்கிறது. பதிவு செய்யாத சீட்டுக் கம்பெனி எவ்வளவு கொடுத்தாலும் தொடவே கூடாது. கட்டணம் வாங்கிக்கொண்டு 'இந்தப் பங்கை வாங்குங்கள்' என்று சொல்வதற்குச் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் பதிவு வேண்டும். பதிவில்லாமல் அப்படிச் சொல்பவர்களோடு, தன்னிடம் பதிவுபெற்ற நிறுவனங்கள் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2024-ல் செபி தடை போட்டிருக்கிறது. ஒரு திட்டம் எப்படி இயங்குகிறது என்று விளக்குவது வேறு, ஆலோசனை விற்பது வேறு. இந்த வித்தியாசத்தை அவள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

சரி, சோறு போடுமா? எழுத்து மட்டும் என்றால், முதல் சில ஆண்டுகளுக்குப் போடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே 'வேலைக்குப் போகமாட்டேன்' என்பதை நான் ஏற்கவில்லை. பட்டத்தை நல்ல மதிப்பெண்ணோடு முடிக்கட்டும். பிறகு ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலோ வங்கிக் கிளையிலோ வேலை பார்க்கட்டும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்தவள் எழுதும் நகைக்கடன் கட்டுரைக்கு இருக்கும் மதிப்பே தனி. கூடவே செபி அமைத்த பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் தேர்வை எழுதலாம், வேலை பார்த்துக்கொண்டே படிக்கக் கூடியதுதான், சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும். பத்திரிகைத் துறையே வேண்டும் என்று பின்னால் தோன்றினால், சென்னை தரமணியில் ஆசியன் இதழியல் கல்லூரியில் ஓராண்டு முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும், கட்டணமும் கொஞ்சம் அதிகம். முதலில் சம்பாதித்துவிட்டு அப்புறம் போவதில் தவறில்லை.

அதே சமயம் எழுத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். பணக் கணக்கைத் தமிழில் புரியும்படி எழுதத் தெரிந்தவர்கள் வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் தேவைப்படுகிறார்கள். அவர்களிடம் போகும்போது, ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் எழுதிய கட்டுரைகளும் வாசகர் கேள்விகளுக்குத் தந்த பதில்களும் அவளுடைய பயோடேட்டாவை விட அதிகம் பேசும்.

எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்ணை அவள் தினமும் பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். அதற்குப் பதில் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கிறவர்கள் யார், என்ன கேட்டார்கள், பதில் சொல்லியாகிவிட்டதா என்று மட்டும் அதில் எழுதட்டும். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டோடு இருவரும் என்னை வந்து பாருங்கள். மேற்கொண்டு என்ன படிப்பது என்பதை அப்போது முடிவு செய்யலாம்.