கேள்வி – பதில்: எம்87-இன் தாரை ஒளியை முந்துகிறதா?

எம்87 கேலக்ஸியின் மையக் கருந்துளைக்கு அருகிலிருந்து பீய்ச்சியடிக்கும் தாரையில் (ஜெட்) சில ஒளித்திட்டுகள் ஒளியைவிட 6 மடங்கு வேகமாகப் போவதாகப் படித்தேன். ஒளியை எதுவும் முந்தாது என்று ஐன்ஸ்டைன் சொன்னது பொய்யா?
– தமிழரசி, பட்டர்வொர்த்

பொய்யில்லை. 1994 முதல் 1998 வரை ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களை ஒப்பிட்டு அளந்தபோது 4 முதல் 6 மடங்கு வந்தது உண்மைதான். ஆனால் அது கோணம் செய்யும் மாயம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒளிவேகத்தில் 99 விழுக்காட்டில், நம் பார்வைக் கோட்டுக்கு 8 டிகிரி சாய்வாக ஒரு திட்டு வருகிறது. 10 ஆண்டில் அது நம்மை நோக்கி 9.8 ஒளியாண்டு நெருங்கிவிடும்; பக்கவாட்டில் 1.38 ஒளியாண்டு நகரும். தொடக்கத்தில் கிளம்பிய ஒளிக்கும் 10 ஆண்டு கழித்துக் கிளம்பிய ஒளிக்கும் இங்கே வந்து சேர்வதில் சுமார் 72 நாள்தான் வித்தியாசம். 1.38 ஒளியாண்டை அந்த 72 நாளால் வகுத்தால், ஒளியைப்போல் 7 மடங்கு! பிரிட்டன் வானியலாளர் மார்ட்டின் ரீஸ் இதை 1966-இலேயே கணித்துவிட்டார்.

அளப்பதில்தான் சறுக்கல் அதிகம். ரேடியோ படங்களுக்கிடையே இடைவெளி நீண்டால், பழைய திட்டையும் புதிதாகப் பிறந்ததையும் ஒன்றென்று எண்ணிவிடுவார்கள், வேகம் தலைகீழாகிவிடும். விரைவான தாரைக்கு மாதம் ஒரு படமாவது வேண்டும். இன்னொன்று, படமெடுக்கும் அலைநீளம் மாறினால், தாரையின் தொடக்கமாகத் தெரியும் ‘மையம்’ இருக்கும் இடமே நகரும். 2 செ.மீ. அலைநீளப் படத்தையும் 7 மி.மீ. அலைநீளப் படத்தையும் அப்படியே பொருத்தினால், இல்லாத நகர்வு தெரியும்.

தாரை ஏன் வளைந்து வளைந்து தெரிகிறது?
– குணா, பிரிக்ஃபீல்ட்ஸ்

பாதி உண்மை, பாதி தோற்றம். மேலே சொன்ன 8 டிகிரிச் சாய்வில், தாரை பக்கவாட்டில் 2 டிகிரி திரும்பினாலே நமக்கு 14 டிகிரி வளைவாகத் தெரியும். உண்மையான ஆட்டமும் உண்டு. 2000 முதல் 2022 வரையிலான ரேடியோ படங்களைக் கொண்டு 2023-இல் வெளியான ஆய்வு, எம்87 தாரையின் அடிப்பகுதி சுமார் 11 ஆண்டுக்கு ஒரு சுற்று ஆடுவதாகச் சொல்கிறது. கருந்துளையின் சுழல் அச்சுக்கு, அதைச் சுற்றிவரும் வாயுத்தட்டு சாய்ந்திருப்பதே காரணம் என்பது அவர்கள் விளக்கம். சுற்றியுள்ள வாயுவோடு உரசும் ஓரங்களிலும் நெளிவு பிறக்கும்.

பினாங்கிலிருந்து அந்தத் தாரையைப் படமெடுக்க முடியுமா?
– ரவி, ஜார்ஜ்டவுன்

முடியும். மே நடுவில் இரவு 10 மணியை ஒட்டி எம்87 கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். 8 அங்குலத் தொலைநோக்கி போதும். நீண்ட எக்ஸ்போஷர் கூடாது. மையத்தின் வெளிச்சம் பொங்கி, 20 விகலை (ஒரு விகலை = டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) நீளமே உள்ள தாரையை விழுங்கிவிடும். 30 வினாடிப் படங்களை நிறைய எடுத்து அடுக்குங்கள். டாப்சோனியன் (மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பும் எளிய தாங்கியில் நிற்கும் தொலைநோக்கி) என்றால் உச்சிக்கு அருகே திருப்புவது பெரும்பாடு. எம்87 உச்சிக்கு வரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ வையுங்கள்.