நம் ஊர் ரோட்டில் ஐந்து ஸ்டார் கார் வாங்கிப் பயன் உண்டா?

"எல்லோரும் இஷ்டத்துக்கு ஓட்டுகிற நம் நாட்டில் கார் ஸ்டார் ரேட்டிங் பார்த்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் ஆக்டிங் டிரைவராக இருக்கிறேன். புதுசு பழசு என்று எல்லா வண்டியும் கைக்கு வரும். பயன் நிச்சயம் உண்டு. ஆனால் அந்த ஸ்டாரை என்ன மாதிரி சோதனையில் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

2014-ல் குளோபல் என்கேப் (கார்களை மோதவிட்டுப் பார்த்து, பாதுகாப்புக்கு ஐந்து வரை ஸ்டார் கொடுக்கும் அமைப்பு) இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களை மோதவிட்டுப் பார்த்தது: ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. எல்லாமே ஏர்பேக் இல்லாதவை. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம். அதே போலோ இரண்டு ஏர்பேக்கோடு நாலு ஸ்டார் வாங்கியது. இங்கே டிரைவர் ஏர்பேக் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். செகண்ட் ஹேண்ட் பார்ப்பதாக இருந்தால் இதை மறக்காதீர்கள்.

இப்போது நமக்கே பாரத் என்கேப் என்று இதே மாதிரி ஸ்டார் கொடுக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது, 2023 அக்டோபரிலிருந்து. அதில் முன்பக்க மோதல் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில். உள்ளே இருக்கும் பொம்மைகள் பெல்ட் போட்டிருக்கும். ஏறக்குறைய அதே எடையுள்ள இன்னொரு கார் எதிரே வந்து இடிப்பது போன்ற மோதல் அது. நீங்கள் நான்கு வழிச்சாலையில் நூறில் போனால், இடிக்கும்போது உள்ள ஆற்றல் அதைப்போல இரண்டரை மடங்கு.

அப்புறம் லாரி. மேலூர் தாண்டித் திருச்சி ரோட்டிலும், திருமங்கலம் தாண்டி விருதுநகர் ரோட்டிலும் ராத்திரியில் ஓரங்கட்டி நிற்கும். பின்விளக்கு எரியாது, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரில் புழுதி அப்பியிருக்கும். அதன் பின்னால் போய் இடித்தால் கார் பானெட் லாரிக்கு அடியில் நுழைந்துவிடும். அடியை வாங்கிக்கொள்ள வேண்டிய முன்பகுதி நசுங்குவதற்கு முன்பே லாரியின் பாடி நேராகக் கண்ணாடிக்கு வந்துவிடும். இதற்காகவே லாரிக்குப் பின்னால் தாழ்வாகத் தடுப்பு இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் பார்க்கிற பல லாரிகளில் அது வளைந்து, துருப்பிடித்துத் தொங்குகிறது. டிம் லைட்டில் தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்தில்தான் ராத்திரி ஓட்டுவேன். "ரோடு காலியாத்தானண்ணே கெடக்கு, மிதிங்க" என்று யார் சொன்னாலும் சரி.

ராங் சைடில் வரும் பைக்குகள் மீது எனக்கும் கோபம் உண்டு. ஆனால் ஊர் இந்தப் பக்கம், வயல் அந்தப் பக்கம், சென்டர் மீடியனில் திரும்பும் இடம் வெகுதூரம் தள்ளி என்று ரோடு போட்டால் என்ன நடக்கும்? அதை ஓட்டுகிறவர் தலையில் மட்டும் கட்ட முடியாது.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய கவலை பின்சீட்டு. குலதெய்வம் கோயிலுக்கு ஒரு குடும்பத்தைக் கூட்டிப்போனேன். புத்தம்புதுக் கார். சீட் கவர் போட்டவர் பின்சீட் பக்கிள் எல்லாவற்றையும் உள்ளே தள்ளி, மேலே கவரை இழுத்து மாட்டியிருந்தார். கையை விட்டுத் துழாவி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன்.

"பின்னாடி உக்காருறவுகளுக்கு எதுக்குத் தம்பி பெல்ட்டு?" என்றார் அந்த வீட்டுப் பெரியம்மா.

"நீங்க போடலைன்னா, இடிக்கிறப்ப முன்சீட்ல இருக்க உங்க மகன் மேலதான்மா போய் விழுவீங்க" என்றேன். உடனே போட்டுக்கொண்டார். மகனும் மடியில் வைத்திருந்த குழந்தையைப் பின்னால் கொடுத்தார். முன்சீட்டில் மடியில் இருக்கும் குழந்தையின் மேல்தான் ஏர்பேக் வெடிக்கும். கையால் பிடித்து நிறுத்திவிடலாம் என்பது நடக்கவே நடக்காது. 2022-ல் கார் விபத்தில் இறந்துபோன, டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி விலை உயர்ந்த காரில்தான் போனார், பின்சீட்டில், பெல்ட் இல்லாமல்.

ஆகவே வாங்கும்போது பெரியவர்களுக்கான ஸ்டாரோடு குழந்தைகளுக்கான ஸ்டாரையும் பாருங்கள். பாரத் என்கேப் இரண்டையும் தனித்தனியாகத் தருகிறது. குழந்தை இருந்தால் சைல்டு சீட்டுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். சீட் கவர் மாட்டும்போது கடையிலேயே கூட நில்லுங்கள். பக்கிள் எல்லாம் வெளியே இருக்கட்டும். முன்சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால், அந்த இடத்தை மூடித் தைக்காத கவராகக் கேட்டு வாங்குங்கள்.