அபார்ட்மெண்ட் சங்கப் பொறுப்புக்கு யாருமே வர மாட்டேன் என்கிறார்கள். எப்படி ஆள் பிடிப்பது?

பொதுக்குழுவில் "அடுத்த செயலாளரா யார் வர்றீங்க?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டிருப்பீர்கள், அத்தனை பேரும் குனிந்து செல்போனை நோண்டியிருப்பார்கள். எங்கள் பிளாக்கிலும் அதே கதைதான். அப்படித்தான் பொருளாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

லிப்ட் நின்றாலும் வாட்ச்மேன் வராவிட்டாலும் ராத்திரியில் செயலாளர் வீட்டு காலிங் பெல்தான் அடிக்கும். பிறகு யார் வருவார்கள்? எனவே வேலையைப் பிரித்தோம். லிப்ட், ஜெனரேட்டர் பராமரிப்பு ஒப்பந்தம் ஒருவரிடம், தண்ணீரும் மோட்டாரும் இன்னொருவரிடம். கூட்டத்தில் கேட்காமல் வீடு வீடாகப் போனோம்.

மேல்மாடியில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சார். "கமிட்டி பக்கமே என்னை இழுக்காதீங்க" என்றார். "பதவியெல்லாம் வேண்டாம் சார். மாசாமாசம் வவுச்சரும் பாஸ்புக்கும் ஒத்துப்போகுதான்னு மட்டும் பாருங்க" என்றேன். முதல் மாதமே, தேதி போடாத பிளம்பர் பில்லைப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார். அடுத்த தேர்தலில் அவரேதான் பொருளாளர்.

ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சங்கத்தின் துணைவிதிகளை (பைலா) பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். நடுவில் காலியான இடத்துக்குக் கமிட்டியே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாமா, கட்டணப் பாக்கி உள்ளவர் நிற்கலாமா என்பதெல்லாம் சங்கத்துக்குச் சங்கம் மாறும். தீர்மானத்தை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி, வங்கியில் கையெழுத்து அதிகாரத்தை உடனே மாற்றுங்கள். அது தாமதமானால், பழையவர் வீடு மாறிப் போன பிறகு பொது மீட்டருக்குக் கரண்ட் பில் கட்டக்கூட செக் போட முடியாது.

"சம்பளத்துக்கு ஒரு மேனேஜரைப் போட்டால் தீர்ந்ததே" என்று சிலர் வருவார்கள். போடுங்கள், தப்பே இல்லை. ஆனால் அவர் கொண்டுவரும் பில்லைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட ஓர் உரிமையாளர் வேண்டுமே.

கணக்குக் கேட்பதும் உறுப்பினர் உரிமைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பிளாக்கில் ஒரு புண்ணியவான், பல மாதப் பராமரிப்புக் கட்டணத்தைப் பாக்கி வைத்துக்கொண்டு, "கமிட்டி காசை என்ன செய்கிறது?" என்று வாட்ஸ்அப் குழுவில் நடுராத்திரியில் கேட்பார். கணக்குப் பேப்பரை நீட்டினால் படிக்க மாட்டார். அவருடைய இரண்டாவது கார் என் பார்க்கிங்கில்தான் நிற்கிறது. எடுக்கச் சொன்னால் பேட்டரி டவுன் என்கிறார். போன வாரம் அதற்குப் புதுக் கவர் வேறு போட்டிருக்கிறார்.