போட்டோவ பாத்து கப்பல் ஏறின பாட்டி

கேள்வி: தம்பி, மக பிரசவத்துக்கு மெல்போர்ன் போயி ஆறு மாசம் இருந்துட்டு வந்தேன். பக்கத்து வீட்ல ஒரு கிரேக்க நாட்டுப் பாட்டி, தொண்ணூறு நெருங்குது, கொல்லையில திராட்சைக் கொடி போட்டிருக்காங்க. வரதட்சணைக்கு வழியில்லாம, மாப்பிள்ளை போட்டோவ மட்டும் பாத்துட்டு கப்பல் ஏறி வந்தவங்களாம், மக கேட்டுச் சொன்னா. என் வீட்டுக்காரர் நம்பல, வெள்ளக்காரனுக்கு ஏது வரதட்சணைன்னு சிரிக்கிறார். எது நிஜம்? மாங்கா சீசன்ல மறுபடி போறேன், பாட்டிக்கு என்ன கொண்டு போகலாம்?
- பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: பாட்டி சொன்னது நிஜம்தான் அக்கா, வீட்டுக்காரர்கிட்ட தைரியமா சொல்லுங்க. கிரீஸ்ல அதுக்குப் பேரு ப்ரிக்கா. நிலம், வீடு, பணம், துணிமணின்னு பொண்ணு வீட்ல தான் குடுக்கணும், நாலு பொண்ணு பெத்த அப்பன் பாடு போச்சம்பள்ளில எப்படியோ அங்கயும் அப்படியே. 1983ல தான் சட்டத்துலேந்து அத தூக்குனாங்க. நாம 1961லயே தடைச் சட்டம் போட்டுட்டோம், போட்டு என்னத்த கிழிச்சோம்னு கேக்காதீங்க.

உலகப்போர் முடிஞ்ச கையோட 1946லேந்து 49 வரைக்கும் அவங்களுக்குள்ளயே சண்டை, கிராமத்துல சோத்துக்கே கஷ்டம், அப்புறம் 1952ல ஆஸ்திரேலியாவோட ஒப்பந்தம் ஆகி ஆம்பளைங்க நிறைய பேர் போயிட்டாங்க. அங்க சம்பளம் இருக்கு, கட்டிக்க கிரேக்கப் பொண்ணு இல்ல. ஊர்ல பொண்ணு இருக்கு, ப்ரிக்கா இல்ல. அப்புறமென்ன, சொந்தக்காரங்க மூலமா லெட்டரும் போட்டோவும் போக, எதுவும் வேணாம் பொண்ண அனுப்புங்க போதும்னுட்டாங்க. 1957ல பெகோனாங்கிற ஒரே கப்பல்ல சுமார் 900 மணப்பொண்ணுங்க! துறைமுகத்துல போட்டோவ கையில வச்சிட்டு ஆளத் தேடிருக்காங்க, சிலபேர் பத்து வருஷத்துக்கு முந்தின போட்டோவ அனுப்பி வச்ச கூத்தெல்லாம் உண்டு, பாத்து பிடிக்கலைன்னா திரும்பிப் போக டிக்கெட்டுக்கு எங்க போறது.

ஆனா ஓசில யாரும் கட்டிட்டுப் போகல அக்கா, அதத்தான் நான் சொல்ல வந்தேன். வந்தவங்க நிறைய பேரு தையல் ஃபேக்டரி, சாப்பாட்டு டப்பா அடைக்கிற ஃபேக்டரின்னு நின்னு, பாஷை தெரியாம, புள்ளைங்களையும் வளத்து, வீட்டுக் கடன அடைச்சாங்க. ஊர்ல மொத்தமா குடுக்க முடியாதத அங்க வாரச் சம்பளத்துல குடுத்தாங்கன்னு தான் எனக்குத் தோணுது. எங்க அத்தை பொண்ணு பென்னாகரத்துலேந்து மில்லுக்குப் போயி மூணு வருஷம் ஹாஸ்டல்ல இருந்து தன் கல்யாண நகைய தானே சேத்துச்சு, பொங்கலுக்கு மட்டும் வரும், வந்தா ரெண்டு நாள் தூங்கிட்டே இருக்கும். அது கப்பல் ஏறல, பஸ் ஏறுச்சு.

பாட்டிக்கு கைத்தறித் துணி ஏதாவது எடுத்துட்டுப் போங்க, அந்தக் காலத்துப் பொண்ணுங்க தானே பின்னின துணிய பெட்டியில வச்சு வந்தவங்க, அத காட்டச் சொல்லிக் கேளுங்க. மல்கோவா மட்டும் வேணாம், ஏர்போர்ட்லயே பிடுங்கிட்டு ஃபைன் போட்டாலும் போடுவான். ஊறுகாய்னா ஃபார்ம்ல மறக்காம எழுதிடுங்க.