குரல் இறங்கினால் சுருதியையும் இறக்கலாம்

கேள்வி: எனக்கு வயது 56. எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் 27 ஆண்டுகளாக சோப்ரானோ, அதாவது பெண்களின் உச்சக் குரல் வரிசையில், பாடி வந்தேன். சென்ற ஆண்டு கழுத்தில் ஒரு கட்டி தோன்றி, அது புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. இப்போது நோய் இல்லை என்கிறார் மருத்துவர். ஆனால் குரல் கரகரத்துத் தாழ்ந்துவிட்டது. மேல் ஸ்தாயி எட்டவே மாட்டேன் என்கிறது. "நீங்க வந்து உட்கார்ந்தாலே போதும் அக்கா" என்கிறார் குழுத் தலைவர். அவர் அன்பாகத்தான் சொல்கிறார். எனக்குத்தான் அது வலிக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் என் மகள், ஜான் பிரைன் என்ற அமெரிக்கப் பாடகரின் பாட்டை அனுப்பி, "இவருக்கும் உனக்கு நடந்ததுதான் நடந்தது, கேளும்மா" என்றாள். யார் இவர்? இந்தக் குரலை வைத்துக்கொண்டு எப்படி மேடை ஏறினார்? நான் குழுவிலிருந்து விலகிவிடட்டுமா?
— பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

விலக வேண்டாம். ஏழு மாதங்களில் எடுக்கக்கூடிய முடிவு அல்ல இது. உங்கள் மகள் சரியான மனிதரைத்தான் உங்களுக்குக் காட்டியிருக்கிறார்; ஆகவே அவர் கதையைச் சொல்லிவிட்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ஜான் பிரைன் 1946 அக்டோபர் 10 அன்று, சிகாகோவை ஒட்டிய மேவுட் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் கென்டக்கி மாநிலத்து நிலக்கரிப் பகுதியிலிருந்து வடக்கே குடிபெயர்ந்தவர்கள். அந்த மண்ணின் கன்ட்ரி இசையைக் கேட்டு வளர்ந்த பையனுக்கு 14 வயதில் அண்ணன் கிட்டார் சொல்லிக் கொடுத்தார். பள்ளிப் படிப்புக்குப் பின் தபால்காரர் வேலை; இடையில் கட்டாய ராணுவச் சேவையில் மேற்கு ஜெர்மனியில் மெக்கானிக்; திரும்பி வந்ததும் மறுபடியும் தபால் பை. தெருத் தெருவாகக் கடிதம் கொடுத்துக்கொண்டே மனத்துக்குள் பாட்டுக் கட்டியவர் அவர்.

ஒரு நாள் சிகாகோவின் சிறிய இசை விடுதி ஒன்றில், யார் வேண்டுமானாலும் பாடலாம் என்றிருந்த மேடையில் ஏறித் தம் பாட்டுகளைப் பாடினார். முடித்ததும் கூட்டம் கைதட்டாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், பிடிக்கவில்லை போலும் என்று அவர் கூச்சத்தில் நெளிந்த பிறகே கைதட்டல் எழுந்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். 1970-ஆம் ஆண்டு, ரோஜர் ஈபர்ட் என்ற திரைப்பட விமர்சகர் தற்செயலாக அந்த விடுதிக்குள் நுழைந்து அவர் பாட்டைக் கேட்டு, பாடும் தபால்காரர் என்று நாளிதழில் எழுதினார். பிறகு புகழ்பெற்ற பாடகரான கிரிஸ் கிறிஸ்டாஃபர்சன் ஒரு பின்னிரவில் வந்து கேட்டார். அவர் மூலம் நியூயார்க்கில் வாய்ப்புக் கிடைத்து, 1971-இல் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. அந்த ஒலிநாடாவை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டபோது, அவருடைய தந்தை எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விட்டாராம். காரணம் கேட்டதற்கு, கடையில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில் மகனுடைய பாட்டு ஒலிப்பதுபோல் நினைத்துக் கேட்க விரும்பியதாகச் சொன்னாராம். அதே ஆண்டில் அந்தத் தந்தை இறந்துபோனார்.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிரைனின் குரல் முதலிலிருந்தே பெரிய குரல் அல்ல. மூக்கால் பாடுவது போன்ற, வளைவு நெளிவு அதிகம் இல்லாத எளிய குரல். அவருடைய பாட்டு நின்றது சொல்லின் மேல். யாரும் ஏறெடுத்துப் பார்க்காத மனிதர்களை அருகில் போய்ப் பார்த்த பார்வையின் மேல். சிறுவனாக இருந்தபோது முதியோர் இல்லம் ஒன்றில் செய்தித்தாள் போட்டவர் என்பதால், பிள்ளைகள் பிரிந்து போய்விட்ட வயோதிகத் தம்பதியைப் பற்றி அவர் எழுதிய 'ஹலோ இன் தேர்' பாட்டில் வரும் தனிமை, கேள்விப்பட்டு எழுதியதாக இல்லை. அதை இசைத்தட்டில் பாடும்போது அவருக்கு வயது 24.

அடுத்த ஆண்டுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனங்களோடு அவருக்கு ஒத்துவரவில்லை. 1980-களில் நண்பர்களோடு சேர்ந்து 'ஓ பாய் ரெக்கார்ட்ஸ்' என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த தொகுப்புக்கான செலவை ரசிகர்களே முன்பணமாக அனுப்பிவைத்தார்கள். 1991-இல் வெளியான தொகுப்புக்கு கிராமி விருது கிடைத்தது.

1998-இன் தொடக்கத்தில் கழுத்தின் வலப்பக்கத்தில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. கழுத்துத் தசையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதில் நாக்குக்குச் செல்லும் சில நரம்புகளும் அறுபட்டன. பிறகு ஆறு வாரங்கள் கதிர்வீச்சு. அதனால் உமிழ்நீர்ச் சுரப்பிகள் சிலவும் கெட்டன. வாய் வறள்வது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓய்விலும் பேச்சுப் பயிற்சியிலும் ஓராண்டு கழிந்த பிறகுதான் அவரால் மறுபடி மேடைக்கு வர முடிந்தது. வந்தபோது அவரிடம் இருந்தது வேறொரு குரல்: தாழ்ந்தது, சரளைக் கல்லில் நடப்பதுபோல் கரகரத்தது.

அந்தக் குரலைப் பழைய உயரத்துக்கு ஏற்ற அவர் போராடவில்லை. பாட்டுகளின் சுருதியைக் குறைத்துக்கொண்டார். அப்படிக் குறைத்ததும், முப்பது ஆண்டுகள் பாடிப் பாடிப் பழகிப்போன பாட்டுகள் தமக்கே புதியவையாகத் தோன்றியதாக நேர்காணல்களில் மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறார். 2000-ஆம் ஆண்டு தம் பழைய பாட்டுகளில் 15-ஐ எடுத்துப் புதிய குரலில் மறுபடி பதிவு செய்து 'சூவனீர்ஸ்' என்ற தொகுப்பாக வெளியிட்டார். பழைய பதிவுகளின் உரிமை வேறு நிறுவனங்களிடம் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனாலும் அந்தக் குரலை மறைக்க வேண்டும் என்று நினைத்தவர் அதைச் செய்திருக்க மாட்டார்.

உங்களுக்கு என் முதல் ஆலோசனை இதுதான். மகளிடம் சொல்லி 'ஹலோ இன் தேர்' பாட்டின் 1971 பதிவையும் 2000 பதிவையும் அனுப்பச் சொல்லுங்கள். ஒன்றை அடுத்து இன்னொன்றைக் கேளுங்கள். முதலாவதில் ஓர் இளைஞர் முதியவர்களைப் பற்றிப் பாடுகிறார், நன்றாகத்தான் பாடுகிறார். இரண்டாவதில், அந்த முதியவரே வந்து உட்கார்ந்து பாடுவதுபோல் இருக்கும். குரல் கெட்டுப்போனதால் அந்தப் பாட்டு கெடவில்லை என்பதை நான் விளக்கி நீங்கள் ஏற்றுக்கொள்வதைவிட, உங்கள் காதே உங்களுக்குச் சொல்வது மேல்.

ஆனால் உங்கள் நிலைக்கும் அவர் நிலைக்கும் உள்ள வேறுபாட்டை நான் மறைக்கக் கூடாது. அவர் தாமே எழுதிய பாட்டைத் தனியே நின்று பாடியவர். எந்தச் சுருதி வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளலாம். குழுவில் ஒருவருக்காகச் சுருதியை மாற்ற முடியாது. சோப்ரானோ வரிசையில் நின்று எட்டாத இடத்தை எட்ட முயன்றால், இருக்கிற குரலும் புண்ணாகும். ஆகவே சோப்ரானோவை விட்டுவிடுங்கள். இதைச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. 27 ஆண்டுகள் நின்ற இடம் அது. ஆனால் அதைவிடத் தாழ்ந்த பெண் குரல்களுக்கான ஆல்டோ வரிசை இருக்கிறதே. குழுத் தலைவரிடம் நேரடியாகப் பேசுங்கள்: "தம்பி, எனக்கு உட்கார இடம் வேண்டாம், ஆல்டோவில் நிற்க இடம் வேண்டும்" என்று கேளுங்கள். உங்களை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்தான் அவர் உட்காரச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன்பாக, உங்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம் கேட்டு, பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரைப் பாருங்கள். மூன்று மாதம் பேச்சுப் பயிற்சி செய்தீர்களா, ஓராண்டு செய்தீர்களா என்பது பெரிய வேறுபாடு. எப்போது எவ்வளவு பாடலாம் என்பதை அவர்கள் சொல்லட்டும்.

2013-இல் பிரைனுக்கு நுரையீரலிலும் புற்றுநோய் வந்தது. அந்த அறுவைக்குப் பிறகு மூச்சை மீட்க அவருடைய உடற்பயிற்சியாளர் ஒரு வழி செய்தார்: வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்க வைத்து, மூச்சு வாங்கும்போதே கிட்டாரை எடுத்து இரண்டு பாட்டுகளைப் பாட வைத்தார். ஆறு மாதங்களில் பிரைன் கச்சேரிப் பயணம் கிளம்பிவிட்டார். நீங்கள் படியேற வேண்டியதில்லை. பயிற்சி என்பது வீட்டுக்குள்ளேயே தொடங்கும் என்பதற்காகச் சொன்னேன்.

2018-இல், 71 வயதில், அவர் வெளியிட்ட கடைசித் தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 5-ஆம் இடத்தைப் பிடித்தது. இளமையின் நல்ல குரலில் பாடிய எந்தத் தொகுப்பும் அந்த இடத்தை எட்டியதில்லை. 2020 ஏப்ரல் 7 அன்று நாஷ்வில் நகரில், கொரோனா தொற்றால் தம் 73-ஆம் வயதில் இறந்தார்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த கீர்த்தனை ஒன்றை எடுத்துக்கொண்டு, வழக்கமான சுருதியிலிருந்து ஒன்றரைக் கட்டையோ இரண்டு கட்டையோ இறக்கி, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, மெதுவாக ஒரு சரணம் மட்டும் பாடி, கைபேசியில் பதிவு செய்யுங்கள். தொண்டை வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பதிவை உடனே காதருகே வைத்துக் கேட்டுக் குற்றம் தேடாதீர்கள். வீட்டில் யாரிடமாவது கொடுத்து ஒலிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் எழுந்து பக்கத்து அறைக்குப் போய், அங்கிருந்து கேளுங்கள்.