இழைமணியின் உள்மடிப்புகள் நிலையானவையா?

கொழும்பில் உயர்தர உயிரியல் படிக்கும் தம்பி, இழைமணியின் (மைற்றோகொண்ட்ரியா, கலத்துக்குச் சக்தி தயாரிக்கும் நுண்ணுறுப்பு) உள்மென்சவ்வு மடிப்புகள் பாடநூல் படத்தில் உள்ளதுபோல அசையாமலே இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. உயிருள்ள கலத்தில் அவை சில விநாடிகளுக்குள்ளேயே ஒன்றுசேரும், பிரியும்.

மடிப்பின் விளிம்பை வளைப்பவை, கலத்தின் சக்தி மூலக்கூறான ஏடிபியைத் தயாரிக்கும் ஏடிபி சிந்தேஸ் நொதிகள். இரண்டிரண்டாகச் சேர்ந்து வரிசைகட்டி நிற்கும். சக்தி தயாரிக்கும் நொதியே கட்டட வேலையும் பார்ப்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. மடிப்பின் ஒடுங்கிய கழுத்தை மைகோஸ் என்ற புரதத் தொகுதி பிடித்துவைக்கும். அப்புறம் ஓபிஏ1 என்ற புரதம்: உள்மென்சவ்வுகளை இணைக்கும், கழுத்தையும் இறுக்கும். கலம் நெருக்கடியில் சிக்கினால் ஓமா1 நொதி இதை வெட்டிவிடும். கழுத்து தளரும், வெளிமென்சவ்விலும் துளை விழுந்தால், மடிப்புக்குள் அடைபட்டிருந்த சைற்றோகுரோம் சி என்ற புரதம் வெளியேறி, கலம் தன்னைத்தானே அழிக்கத் தொடங்கும்.

ஓபிஏ1 மரபணு பழுதானால் பார்வை நரம்பு நலிவடையும் பரம்பரை நோய் வரலாம்.