சுயமதிப்பெண் குறைந்தால் திட்டம் தோற்றுவிட்டது என்று அர்த்தமா?

வேலை தேடுவோருக்கு உதவும் உங்கள் திட்டத்தில் சேரும்போது தன்னம்பிக்கைக்குத் தனக்குத்தானே 8 போட்டுக்கொண்டவர் மூன்று மாதம் கழித்து 5 போடுகிறார், அதைப் பார்த்துவிட்டு மேலிடம் திட்டமே பயனில்லை என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பதற வேண்டாம், இது அடிக்கடி நடப்பதுதான். நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்றே தெரியாதபோது 8 போடுவது சுலபம். ஒரு மாதிரி நேர்காணலில் உட்கார்ந்து திணறிய பிறகு அதே ஆளின் அளவுகோலே மாறிவிடுகிறது. அதனால் இப்போது இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "சேர்ந்தபோது உண்மையில் எந்த நிலையில் இருந்தீர்கள்?" அவர் 3 என்று சொன்னால், 3-லிருந்து 5 என்பது முன்னேற்றம்தானே. இதையும் அப்படியே நம்பிவிட முடியாது, உதவியவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக முன்னேறியதாகச் சொல்பவர்களும் உண்டு. ஆகவே கண்ணால் பார்க்கக்கூடியதையும் குறித்து வையுங்கள்: விண்ணப்பத்தைத் துணையில்லாமல் நிரப்புகிறாரா, சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, ஓரிடத்தில் நிராகரித்த அதே வாரத்தில் அடுத்ததற்கு முயல்கிறாரா.

அப்புறம், விண்ணப்ப எண்ணிக்கையை இலக்காக வைக்காதீர்கள். 40 அனுப்பியும் ஓர் அழைப்புகூட இல்லை என்றால் பெரும்பாலும் சிக்கல் சுயவிவரத்தில், இல்லாவிட்டால் அவர் தேர்ந்தெடுக்கும் வேலைகளில். அழைப்பு வந்தும் வேலை அமையவில்லை என்றால் நேர்காணலைப் பாருங்கள். மேலிடத்துக்கு இதை ஆள்வாரியாகப் பிரித்துக் காட்டுங்கள், சராசரியை மட்டும் அனுப்பினால் இவ்வளவும் அதற்குள் மறைந்துவிடும்.